பழைய கேஸ் ஒண்ணு இருக்கு, க்ரீன் கார்டோட ஊருக்குப் போயிட்டு வரலாமா?

ஒரு தம்பி கேட்டிருந்தார். அவங்க அப்பா 2000ல எச்1பி வேலை விசாவுல அட்லாண்டா வந்தவர், 2006ல க்ரீன் கார்டு. 2012ல ஒரு கடையில 70 டாலர் சாமானை பில் போடாம எடுத்துட்டுப் போனதா ஷாப்லிஃப்டிங் கேஸ். கோர்ட்டுல கில்ட்டின்னு ஒத்துக்கிட்டு, ஃபைன் கட்டி, 12 மாசம் ப்ரொபேஷனும் (ஜெயிலுக்கு வெளிய கண்காணிப்புல இருக்கிறது) முடிச்சாச்சு. இப்ப தாத்தாவுக்கு சதாபிஷேகம், கும்பகோணம் போகணும். திரும்பி வரும்போது ஏர்போர்ட்ல பிடிச்சு வச்சுக்குவாங்களா, க்ரீன் கார்டைப் பிடுங்கிடுவாங்களா, இல்ல இதெல்லாம் வாட்ஸப்ல கிளப்பி விடுற பீதியா? இதான் கேள்வி.

பீதி இல்ல தம்பி, நிஜம். ஆனா உங்க அப்பா விஷயத்துல அது எவ்வளவு நிஜம்ங்கிறது ஒரே ஒரு பேப்பர்ல இருக்கு, அந்தப் பேப்பரை நீங்க இன்னும் பாக்கவே இல்லன்னு உங்க கேள்வியிலேயே தெரியுது. அதைப் பாக்கிற வரைக்கும் டிக்கெட் போடாதீங்க. நான் லாயர் இல்ல, இமிக்ரேஷன் லாயர் ஆபீஸ்ல ரொம்ப வருஷமா பாராலீகல் வேலை பாக்குறேன், இந்த மாதிரி பழைய கேஸ் பேப்பரைத் தேடி எடுக்கிறதே என் பொழப்பு. அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், டீ போட்டுக்கிட்டு உக்காந்து படிங்க.

முதல்ல ஒரு விஷயம் மண்டையில ஏறணும். க்ரீன் கார்டை பர்மனெண்ட்னு சொன்னாலும் அது சிட்டிசன்ஷிப் இல்ல. கிரிமினல் கோர்ட் ஜட்ஜ் குடுக்கிற தண்டனை வேற, அதே கேஸை வச்சு இமிக்ரேஷன்காரங்க எடுக்கிற நடவடிக்கை வேற. ஒரே தப்புக்கு ரெண்டு தண்டனையா, இது அநியாயம் இல்லையான்னு எல்லாரும் கேப்பாங்க. 1893லயே அமெரிக்க சுப்ரீம் கோர்ட், நாடு கடத்துறது தண்டனையே இல்ல, அது சிவில் விவகாரம்னு தீர்ப்பு சொல்லிடுச்சு, சீனாவுலேர்ந்து வந்த தொழிலாளிங்க போட்ட கேஸ்ல. அந்த ஒரு வரியைப் பிடிச்சுக்கிட்டுதான் இன்னைக்கு வரைக்கும் வண்டி ஓடுது. தண்டனை இல்லைன்னு ஆயிட்டதால காசு இல்லாதவனுக்கு அரசாங்கம் லாயர் வச்சுக் குடுக்க வேண்டியதில்ல, ஒரே குத்தத்துக்கு ரெண்டு தடவை தண்டிக்கக் கூடாதுங்கிற பாதுகாப்பு கிடையாது, நேத்து பண்ணின தப்புக்கு இன்னைக்குப் போட்ட சட்டம் செல்லாதுங்கிற பாதுகாப்பும் கிடையாது. இந்த மூணாவதுதான் ரொம்ப பேரைச் சாய்ச்சது.

முன்னாடியெல்லாம் இவ்வளவு மோசம் இல்ல. 1990 வரைக்கும் தண்டனை குடுக்கிற அதே கிரிமினல் ஜட்ஜே, இந்த ஆளை நாடு கடத்த வேணாம்னு எழுதிக் குடுக்கலாம், அதை இமிக்ரேஷன் மதிச்சே ஆகணும். அது போக 212(சி)ன்னு ஒரு பிரிவு இருந்துச்சு, 7 வருஷம் இங்க சட்டப்படி வாழ்ந்தவன்னா குடும்பம், வேலை, திருந்தின லட்சணம் எல்லாத்தையும் பாத்து இமிக்ரேஷன் ஜட்ஜ் மன்னிச்சு விடலாம். 1990ல முதல் வழியை மூடினாங்க. ரெண்டாவதை 1996ல மூடினாங்க, ஒக்லஹோமா சிட்டி குண்டுவெடிப்புக்கு அப்புறம் வந்த ஏப்ரல் சட்டம் ஒண்ணு, செப்டம்பர் 30ஆம் தேதி கிளிண்டன் கையெழுத்துப் போட்டது ஒண்ணு. குண்டு வச்சது அமெரிக்காவுல பிறந்த ஆளு, அடி வாங்கினது க்ரீன் கார்டுக்காரங்க. இத சொன்னா அரசியல் பேசுறேன்னு வருவாங்க, நான் தேதியைத்தான் சொல்றேன்.

அந்த 1996 செப்டம்பர் சட்டம் 'அக்ரவேட்டட் ஃபெலனி'ங்கிற பட்டியலை, அதாவது நாடு கடத்துறதுக்குன்னே வச்சிருக்கிற பெரிய குத்தங்களோட பட்டியலை, ஊதிப் பெருசாக்கிடுச்சு. 1988ல அந்தப் பட்டியல் ஆரம்பிச்சப்ப கொலை, போதைமருந்து கடத்தல், ஆயுதக் கடத்தல், அவ்வளவுதான். 1996க்கு அப்புறம் திருட்டுக்கோ அடிதடிக்கோ ஒரு வருஷ தண்டனைன்னு எழுதியிருந்தா உள்ள வந்துடும், மோசடியில நஷ்டம் 10,000 டாலர் தாண்டினா உள்ள வந்துடும். மாநில சட்டத்துல அது வெறும் மிஸ்டிமீனரா, அதாவது சின்ன குத்தமா, இருந்தாலும் சரி. பழைய கேஸுக்கும் பொருந்தும்னு சட்டத்துலயே எழுதிட்டாங்க.

இந்த "ஒரு வருஷம்"ங்கிற இடத்துலதான் உங்க அப்பா நிக்கிறார், கவனமா கேளுங்க. ஜார்ஜியா மாநிலத்துல மிஸ்டிமீனருக்கு அதிகபட்சம் 12 மாசம். அங்க கோர்ட்டுகள்ல பழக்கம் என்னன்னா, சின்ன கேஸுக்கும் 12 மாசம்னு போட்டுட்டு, ஜெயிலுக்குப் போக வேணாம் ப்ரொபேஷன்லயே கழிச்சுக்கன்னு விட்டுடுவாங்க. வீட்டுக்கு வர்றவனுக்கு "ஜெயில் இல்ல, ப்ரொபேஷன்தான்"னு மட்டும்தான் மனசுல நிக்கும். ஆனா இமிக்ரேஷன் சட்டப்படி, தள்ளி வச்ச தண்டனையும் தண்டனைதான், ஒரு நாள்கூட உள்ள இருக்கலைன்னாலும் எழுதின காலம் முழுசாக் கணக்குல வரும். அந்த தண்டனை ஷீட்ல "12 மாசம் சிறை, அதை ப்ரொபேஷன்ல கழிக்கலாம்"ங்கிற மாதிரி இருந்தா அது ஒரு வருஷ சிறைத்தண்டனை. சிறைங்கிற பேச்சே இல்லாம நேரா "12 மாசம் ப்ரொபேஷன்"னு மட்டும் இருந்தா அது சிறைத்தண்டனையே இல்ல. ரெண்டுக்கும் உங்க அப்பா அனுபவிச்சது ஒண்ணுதான், அதே ஃபைன், மாசாமாசம் அதே ப்ரொபேஷன் ஆபீசர். பேப்பர்ல ஒரு கட்டத்துல டிக் விழுந்திருக்கா இல்லையாங்கிறதுதான் வித்தியாசம், ஆனா முதலாவது ஒருத்தரை ஊருக்கே அனுப்பிடும், ரெண்டாவது அனேகமா ஒண்ணும் பண்ணாது.

நம்ப முடியலன்னா இதே ஜார்ஜியாவுல நடந்த ஒண்ணைச் சொல்றேன். குழந்தையா ஜெர்மனியிலேர்ந்து வந்து ஒரு குடும்பத்துல தத்துப்பிள்ளையா வளர்ந்த பொண்ணு, 1988ல ஒரு சண்டையில இன்னொரு பொண்ணோட முடியைப் பிடிச்சு இழுத்துட்டா. மிஸ்டிமீனர், ஒரு வருஷம் தள்ளி வச்ச தண்டனை, ஜெயில் கிடையாது. பல வருஷம் கழிச்சு சிட்டிசன்ஷிப்புக்கு அப்ளை பண்ணினா, பதிலுக்கு வந்தது நாடு கடத்தல் நோட்டீஸ். முடியை இழுத்தது அடிதடி, ஒரு வருஷம், பட்டியல்ல இருக்கு. 2000ல ஜார்ஜியாவோட மன்னிப்பு போர்டு மன்னிப்பு குடுத்ததாலதான் தப்பிச்சாங்க. மன்னிப்புங்கிற அந்த வழி இன்னைக்கும் இருக்கு, மாநிலமோ ஜனாதிபதியோ முழு மன்னிப்பு குடுத்தா திருட்டு, அடிதடி மாதிரி கேஸ்ல நாடு கடத்த முடியாது, ஆனா போதைமருந்து கேஸுக்கு அது செல்லாது. இந்தக் கூத்தை எல்லாம் பாத்துட்டுதான் சில மாநிலங்கள் மிஸ்டிமீனர் அதிகபட்சத்தை 364 நாளாக் குறைச்சுது, வாஷிங்டன் 2011, கலிஃபோர்னியா 2015, நியூயார்க் 2019. ஒரே ஒரு நாள் குறைச்சாங்க, அதுல எத்தனையோ குடும்பம் தப்பிச்சிருக்கும். ஜார்ஜியாவுல அந்த வேலை நடக்கலை.

சரி, உங்க அப்பா கேஸை ரெண்டு விதமாவும் போட்டுப் பாப்போம்.

திருட்டு கேஸை இமிக்ரேஷன்ல பொதுவா 'மாரல் டர்பிட்யூட்' குத்தம்னு வகைப்படுத்துவாங்க, அதாவது நடத்தைக் கேடான குத்தம். நாட்டுக்குள்ள இருக்கிற ஒருத்தரை இந்த வகையில ஒரே ஒரு கேஸுக்காக அனுப்பணும்னா, அந்தக் குத்தம் நாட்டுக்குள்ள அனுமதிச்சு அஞ்சு வருஷத்துக்குள்ள நடந்திருக்கணும். உங்க அப்பா வந்தது 2000, கார்டு 2006, கேஸ் 2012, எப்படி எண்ணினாலும் அஞ்சைத் தாண்டிடுச்சு. இதே மாதிரி ரெண்டாவது கேஸ் ஒண்ணு எப்பவாவது இருந்தா கதை வேற, அதுக்கு வருஷக் கணக்கே கிடையாது. அதனால அப்பாகிட்ட "வேற ஏதாச்சும் இருக்கா"ன்னு தனியா உக்காத்தி வச்சுக் கேளுங்க, அம்மா எதிர்ல கேக்காதீங்க, சொல்ல மாட்டார்.

ஆக, ஷீட்ல சிறைங்கிற பேச்சு இல்லைன்னா வீட்ல இருக்கிற வரைக்கும் அவருக்கு ஒண்ணும் இல்ல. ஏர்போர்ட்ல மட்டும் ஏன் பயம்? நாட்டுக்குள்ள இருக்கிறவனை அனுப்புறதுக்கு ஒரு சட்டப் பட்டியல், வாசல்ல நிக்கிறவனை உள்ள விடாம இருக்கிறதுக்கு இன்னொரு பட்டியல், ரெண்டும் ஒண்ணு இல்ல. சாதாரணமா க்ரீன் கார்டுக்காரர் வெளிநாடு போயிட்டு வந்தா அவரைப் புதுசா வர்றவரா நினைக்க மாட்டாங்க. ஆனா வாசல் பட்டியல்ல வர்ற குத்தம் ஏதாவது பண்ணியிருந்தா, 20 வருஷமா இங்க வீடு கட்டி வரி கட்டி இருந்தாலும் புதுசா உள்ள வரக் கேக்கிறவர் மாதிரிதான். அந்தப் பட்டியல்ல அஞ்சு வருஷக் கணக்கு எல்லாம் இல்ல, ஒரே ஒரு மாரல் டர்பிட்யூட் கேஸ் போதும். ஒரு சின்ன சலுகை மட்டும் உண்டு: வாழ்க்கையில ஒரே ஒரு கேஸ், அதிகபட்ச தண்டனை ஒரு வருஷத்துக்கு மேல போகாத குத்தம், உண்மையில எழுதின தண்டனை 6 மாசத்துக்கு மேல இல்லைன்னா விட்டுடுவாங்க. நேர் ப்ரொபேஷன்னா உங்க அப்பா இந்த சலுகைக்குள்ள வந்துடுவார், ஊருக்குப் போயிட்டு வரலாம், அப்பவும் பேப்பரும் லாயர் லெட்டரும் கையில இருக்கணும். "12 மாசம் சிறை"ன்னு இருந்தா சலுகையும் போச்சு, அது போக நாட்டுக்குள்ள இருந்தாலே அனுப்பக்கூடிய அக்ரவேட்டட் ஃபெலனி ஆகிற ஆபத்தும் இருக்கு. ஆபத்துன்னு சொல்றேன், முடிவுன்னு சொல்லல. ஏன்னா ஜார்ஜியாவோட ஷாப்லிஃப்டிங் சட்டத்துல சாமானை ஒளிச்சு எடுக்கிறது ஒரு உட்பிரிவு, விலைச் சீட்டை மாத்தி ஒட்டுறது இன்னொரு உட்பிரிவு, எந்த உட்பிரிவுல ஒத்துக்கிட்டார்ங்கிறதை வச்சு லாயர் வாதாட இடம் இருக்கு.

இதெல்லாம் ஏட்டுல இருக்கிற சட்டம்தான், 70 டாலருக்கு யாரு மெனக்கெடப் போறாங்கன்னு தோணலாம். முன்னாடி ஓரளவுக்கு அப்படித்தான் இருந்துச்சு, எத்தனையோ பேர் பழைய கேஸோட பத்து தடவை போயிட்டு வந்திருக்காங்க, அதனாலதான் "என் ஃப்ரெண்டு போயிட்டு வந்தான், ஒண்ணும் ஆகலை"ங்கிற பேச்சு இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு. 2025 பிப்ரவரியில சியாட்டில் ஏர்போர்ட்ல பிலிப்பைன்ஸ்ல பிறந்த 64 வயசு அம்மா ஒருத்தரைப் பிடிச்சாங்க, சின்ன வயசுல வந்து 50 வருஷமா க்ரீன் கார்டு, யூனிவர்சிட்டி ஆஃப் வாஷிங்டன்ல லேப் வேலை. கேஸ் என்ன? 2001ல வேலை பாத்த பேங்க்ல கையாடல் பண்ணினது, சில ஆயிரம் டாலர். அதுக்கு அவங்க அனுபவிச்ச தண்டனை 30 நாள் ஹாஃப்வே ஹவுஸ் (ஜெயில் இல்ல, கண்காணிப்புல வைக்கிற விடுதி), அப்புறம் பணத்தைத் திருப்பிக் கட்டினது. அதுக்குப் பிறகு பல தடவை ஊருக்குப் போயிட்டு வந்தவங்கதான். இந்த தடவை டகோமா டிடென்ஷன் சென்டர்ல மூணு மாசம். மே கடைசியில இமிக்ரேஷன் ஜட்ஜ் இருக்க அனுமதிச்சதால வெளிய வந்தாங்க. நல்ல முடிவுதான், ஆனா அந்த மூணு மாசத்தை யாரு திருப்பிக் குடுப்பா?

நம்ம ஊர் சம்பந்தப்பட்டது ஒண்ணும் நியூஸ்ல பாத்திருப்பீங்க. இந்தியாவுல பிறந்து 9 மாசக் குழந்தையா பென்சில்வேனியா வந்தவர், அப்பா பென் ஸ்டேட்ல ப்ரொஃபசர். 1980கள்ல ஒரு கொலைக் கேஸ்ல உள்ள போயி 43 வருஷம் ஜெயில். எஃப்பிஐ ஆதாரத்தை அரசுத் தரப்பு மறைச்சிருக்குன்னு 2025 ஆகஸ்ட்ல ஜட்ஜ் தண்டனையை ரத்து பண்ணினார், அக்டோபர்ல கேஸையே வாபஸ் வாங்கிட்டாங்க. வெளிய வருவார்னு குடும்பம் காத்துக்கிட்டு இருக்கு, அன்னைக்கே ஐஸ் (இமிக்ரேஷன் போலீஸ்) ஆளுங்க வந்து அள்ளிக்கிட்டுப் போயிட்டாங்க. காரணம், கொலைக் கேஸ் போச்சு, ஆனா அதோட 20 வயசு வாக்குல எல்எஸ்டி வித்ததா இருந்த கேஸும் அதை வச்சுப் போட்ட பழைய நாடு கடத்தல் உத்தரவும் அப்படியே இருக்கு. நினைவு தெரிஞ்ச நாள்லேர்ந்து இந்தியாவுல வாழ்ந்ததே இல்லாத 64 வயசுக்காரரை இந்தியாவுக்கு அனுப்பப் பாத்தாங்க. நவம்பர்ல ரெண்டு கோர்ட் தடை குடுத்துச்சு. இந்தக் கேஸைப் பத்தி யோசிச்சா எனக்கே ராத்திரி தூக்கம் வராது.

போதைமருந்துன்னதும் ஒண்ணு சொல்லணும், பசங்க படிக்கணும் இதை. எத்தனையோ மாநிலத்துல கஞ்சா கடையில விக்கிது, ஆனா ஃபெடரல் சட்டத்துல இன்னும் குத்தம். சொந்த உபயோகத்துக்கு 30 கிராம் வரைக்கும் வச்சிருந்த ஒரே ஒரு கேஸை மட்டும் நாட்டுக்குள்ள இருக்கிறவனுக்கு மன்னிப்பாங்க, வாசல் பட்டியல்ல அதுவும் தானா மன்னிக்கப்படாது, தனியா விலக்கு கேட்டு வாங்கணும். 2013ல சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போன ஒரு ஜமைக்காக்காரர் கார்ல இருந்தது 1.3 கிராம், அவரைக் கடத்தல்காரன் கணக்குல வச்சு நாடு கடத்தப் பாத்தது அரசாங்கம். கோர்ட்ல அவர் ஜெயிச்சார், ஆனா அது வரைக்கும் போக எல்லாருக்கும் தெம்பு இருக்காது.

நம்ம ஆளுங்க கிட்ட அதிகம் பாக்கிறது கஞ்சா இல்ல, மூணு ரகம். ஒண்ணு குடும்பச் சண்டை. புருஷன் பொண்டாட்டி சத்தம், பக்கத்து வீட்டுக்காரன் 911 கூப்பிடுறான், போலீஸ் வந்தா யாராவது ஒருத்தர் கையில விலங்கு மாட்டாம பெரும்பாலும் போறதில்ல. மறுநாள் பொண்டாட்டியே அழுதுக்கிட்டு கேஸை விட்டுடுங்கன்னு கேப்பா, விட மாட்டாங்க, சீக்கிரம் முடிஞ்சா போதும்னு புருஷன் ஒத்துக்கிட்டு கையெழுத்துப் போட்டுடுவான். டொமஸ்டிக் வயலன்ஸ் தண்டனை 1996 செப்டம்பர் 30க்கு அப்புறம் எப்ப விழுந்திருந்தாலும் நாடு கடத்தலாம், அஞ்சு வருஷக் கணக்கு இல்ல. கோர்ட் போட்ட ப்ரொடெக்ஷன் ஆர்டரை மீறி, சமாதானம் பேசலாம்னு வீட்டுக்குப் போனதுகூட கோர்ட் உறுதி பண்ணிட்டா தனிக் காரணம்.

இன்னொண்ணு பணம். மெடிக்கல் பில்லிங், லோன் பேப்பர்ல பொய், டாக்ஸ். 10,000 டாலர் தாண்டினா அக்ரவேட்டட் ஃபெலனி. 1985ல வந்த இந்தியர் ஒருத்தர், நிஜவான்னு, 2009ல சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனார். அவரோட குத்தச் சட்டத்துல தொகையே கிடையாது, அதனால ஜூரி எவ்வளவுன்னு சொல்லவே இல்லன்னு வாதம். கோர்ட் கேக்கலை, கிரிமினல் கேஸ் பேப்பர்ல எங்க தொகை இருந்தாலும் அதைப் பாத்துக்கலாம்னுட்டாங்க. 2012ல ஜப்பான்காரத் தம்பதி ஒண்ணு, ரெஸ்டாரண்ட் நடத்தினவங்க, டாக்ஸ் ரிட்டர்ன்ல பொய் எழுதினதும் மோசடிதான்னு தோத்தாங்க. ஆடிட்டர் சொன்னார்னு கையெழுத்துப் போடுற நம்ம அண்ணன்மார் இதை ரெண்டு தடவை படிங்க.

மூணாவது குடிச்சிட்டு வண்டி ஓட்டினது. வெறும் டியூஐ ஒண்ணை மட்டும் வச்சு நாடு கடத்த முடியாது, 2004ல சுப்ரீம் கோர்ட்டே அது வன்முறைக் குத்தம் இல்லைன்னு சொல்லிடுச்சு. சிட்டிசன்ஷிப்புக்கு நன்னடத்தை பாக்கும்போதுதான் இடிக்கும், ரெண்டு இருந்தா இன்னும் இடிக்கும்.

இப்ப நீங்க சொன்ன இன்னொரு விஷயம், "அப்பா அந்த ரெக்கார்டை க்ளியர் பண்ணிட்டார், பேக்ரவுண்ட் செக்ல வரலை". இதை நம்பிக்கிட்டுதான் பாதி பேர் மாட்டுறாங்க. வேலை குடுக்கிறவன் கண்ணுக்குத்தான் அது மறையும், ரேகை வச்சா ஐஸுக்கும் பார்டர் ஆபீசருக்கும் எல்லாம் தெரியும். நல்லபடியா நடந்துக்கிட்டதுக்காக மாநிலம் ரெக்கார்டை அழிச்சாலும் இமிக்ரேஷனுக்கு அந்த தண்டனை அப்படியே நிக்கும். ஜட்ஜ் முன்னாடி கில்ட்டி சொல்லி, கொஞ்சமாவது கட்டுப்பாடு விதிச்சிருந்தா போதும், பின்னாடி கேஸை டிஸ்மிஸ் பண்ணியிருந்தாலும் அது தண்டனைதான். முதல் தடவை மாட்டினவங்களுக்குன்னு ஜார்ஜியாவுல இருக்கிற ஃபர்ஸ்ட் அஃபெண்டர் திட்டமும் இதுல மாட்டும். கில்ட்டியே சொல்லாம, க்ளாஸ் போயிட்டு வா விட்டுடுறேன்னு கோர்ட்டுக்கு முன்னாடியே முடிச்ச டைவர்ஷன்னா மட்டும் தப்பிக்கலாம்.

அப்ப பழைய தண்டனையை எப்படித்தான் எடுக்கிறது? கேஸ் நடந்த விதத்துலயே சட்டப்படி கோளாறு இருந்ததுன்னு அதே மாநில கோர்ட்டுக்குப் போய் ரத்து பண்ணணும். 2010 மார்ச் 31ல வந்த படில்லா தீர்ப்பு இங்க முக்கியம். அவர் ஹோண்டுராஸ்ல பிறந்தவர், 40 வருஷத்துக்கு மேல க்ரீன் கார்டு, வியட்நாம் போர்ல அமெரிக்க ராணுவத்துல இருந்தவர், லாரியில கஞ்சா ஏத்திக்கிட்டுப் போய் மாட்டினார். "இவ்வளவு வருஷமா இருக்கீங்க, இமிக்ரேஷன் பத்திக் கவலைப்படாதீங்க"ன்னு லாயர் சொன்னதை நம்பி கில்ட்டி சொல்லிட்டார். நாடு கடத்துவாங்களா இல்லையான்னு கட்சிக்காரருக்குச் சொல்ல வேண்டியது கிரிமினல் லாயரோட கடமைன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. 2013ல, அதுக்கு முன்னாடி முடிஞ்ச கேஸுக்கு இது செல்லாதுன்னும் சொல்லிட்டாங்க. உங்க அப்பா கேஸ் 2012, தேதி அவர் பக்கம் இருக்கு. அன்னைக்கு லாயர் இருந்தாரா, என்ன சொன்னார், இல்ல லாயரே வேணாம்னு ஒரு ஃபாரத்துல கையெழுத்து வாங்கிட்டு அஞ்சு நிமிஷத்துல முடிச்சாங்களா, அதெல்லாம் அப்பாவுக்கு நினைவு இருக்கும்போதே எழுதி வச்சுக்குங்க. ஆனா "12 மாசத்தை 11 மாசமா மாத்திக் குடுங்க"ன்னு சும்மா ஜட்ஜைக் கெஞ்சி வாங்குறது பழைய காலத்துல செல்லும், 2019ல அட்டர்னி ஜெனரல் ஒரு முடிவுல அதை அடைச்சிட்டார், சட்டக் கோளாறு காட்டினாத்தான் எடுபடும்.

செய்ய வேண்டியது இதுதான். கேஸ் நடந்த கோர்ட் க்ளர்க் ஆபீஸுக்குப் போய் சர்ட்டிஃபைட் டிஸ்பொசிஷன், அதாவது கேஸ் எப்படி முடிஞ்சதுங்கிற பேப்பர், கேளுங்க, குற்றச்சாட்டு ஷீட், கில்ட்டி சொன்ன பேப்பர், தண்டனை ஷீட் மூணும் முத்திரையோட வேணும். வெப்சைட்ல எடுத்த ப்ரிண்ட் உதவாது. எஃப்பிஐக்கு ரேகை அனுப்பி அப்பா பேர்ல என்ன இருக்குன்னு வாங்குங்க, மறந்துபோன கேஸ் இருந்தா அதுல வந்துடும். அப்புறம் கிரிமினல், இமிக்ரேஷன் ரெண்டும் சேத்துப் பாக்கிற லாயரைப் பிடிங்க. எச்1பி எக்ஸ்டென்ஷன் மட்டும் பண்றவர்கிட்ட போகாதீங்க, நல்ல மனுஷரா இருப்பார், ஆனா அவர் ரூட்டே வேற. அது வரைக்கும் வெளிநாடு வேணாம், சிட்டிசன்ஷிப் ஃபாரமும் போடாதீங்க. கார்டு காலாவதி ஆகப் போகுதுன்னா அதையும் லாயரைக் கேட்டுட்டுப் போடுங்க, ரெண்டுக்கும் ரேகை எடுப்பாங்க, அங்கதான் தூங்கிக்கிட்டு இருக்கிற கேஸ் முழிச்சுக்கும்.

ஒருவேளை நோட்டீஸ் வந்தாலும் உடனே எல்லாம் போயிடாது. கடைசி உத்தரவு வர்ற வரைக்கும் அவர் க்ரீன் கார்டுக்காரர்தான், வேலைக்குப் போகலாம், கார்டை வாங்கி வச்சுக்கிட்டா அதுக்குப் பதிலா ஆதாரம் கேட்டு வாங்கணும். ஏர்போர்ட்ல மிரட்டி ஐ-407னு ஒரு ஃபாரத்துல கையெழுத்து கேட்டா போடவே கூடாது, அது நானே க்ரீன் கார்டை விட்டுடுறேன்னு எழுதிக் குடுக்கிறது. "ஜட்ஜ் முன்னாடி பேசிக்கிறேன்" அவ்வளவுதான் பதில். நாடு கடத்தலை ரத்து பண்ணுங்கன்னு ஜட்ஜ்கிட்ட கேக்கிறதுக்கு கான்சலேஷன்னு ஒரு வழி இருக்கு, க்ரீன் கார்டு 5 வருஷம், அதோட முறைப்படி உள்ள வந்ததுலேர்ந்து குத்தம் நடந்த நாள் வரைக்கும் 7 வருஷம் தொடர்ந்து இருந்திருக்கணும். உங்க அப்பாவுக்கு 2000லேர்ந்து 2012, தாராளமா இருக்கு. குடும்பம், வரி, வீடு, கோயில்ல பண்ற சேவை எல்லாத்தையும் அடுக்கி வச்சா ஜட்ஜ் மன்னிக்கலாம். ஆனா அக்ரவேட்டட் ஃபெலனின்னு ஆயிட்டா இந்தக் கதவு மூடிடும், பெயில் மாதிரி பாண்ட் கேக்கிற வழியும் பெரும்பாலும் மூடிடும், போனா திரும்பி வர்றதுக்கு ஆயுள் தடை. அந்த ஷீட்டைப் பத்தி இவ்வளவு நேரம் புலம்பினது இதுக்குத்தான். வயசானவங்களுக்கு இன்னொரு அடியும் இருக்கு, யாரும் சொல்றதில்ல: நாடு கடத்தப்பட்டா சோஷியல் செக்யூரிட்டி பென்ஷன் நின்னுடும், 30 வருஷம் கட்டியிருந்தாலும். 1960லயே சுப்ரீம் கோர்ட் அதுக்கு ஓகே சொல்லிடுச்சு.

உங்க தம்பி தங்கச்சி யாராவது 18 வயசுக்குள்ள, க்ரீன் கார்டோட இருந்து, அம்மா சிட்டிசன் ஆயிட்டா, அவங்ககூட வாழ்ற அந்தப் பிள்ளைங்களும் தானாவே சிட்டிசன் ஆயிடுவாங்க, 2001 பிப்ரவரியிலேர்ந்து சட்டம் அப்படி. அம்மா பேர்ல எந்தக் கேஸும் இல்லைன்னா அவங்க அப்ளை பண்றதைத் தள்ளிப் போடாதீங்க, அப்பாவோட பிரச்சினைக்காக அவங்க காத்திருக்கத் தேவையே இல்ல.

கீழ கமெண்ட்ல டொராண்டோலேர்ந்து ஒரு அண்ணா தன் மச்சானுக்காக இதே கேள்வியைக் கனடாவுக்குக் கேட்டிருந்தார். அங்க சட்டம் வேற அண்ணா. பி.ஆர். கார்டு (கனடாவோட க்ரீன் கார்டு மாதிரி) இருக்கிறவருக்கு கனடாவுக்குள்ள நடந்த குத்தத்துல, அதிகபட்சம் 10 வருஷம் குடுக்கக்கூடிய குத்தம்னா, இல்ல உண்மையில 6 மாசத்துக்கு மேல ஜெயில் விழுந்தா, சீரியஸ் கிரிமினாலிட்டின்னு வெளியேத்தப் பாக்கலாம். 2018 டிசம்பர் 18லேர்ந்து குடிச்சிட்டு ஓட்டுறதுக்கு அதிகபட்சம் 10 வருஷம்னு மாத்திட்டதால, அங்க ஒரே ஒரு டியூஐகூட இந்த வலைக்குள்ள வரும், அமெரிக்காவுக்கு நேர்மாறு. 6 மாசமோ மேலயோ ஜெயில்னா ட்ரிபியூனல்ல அப்பீல் பண்ற உரிமையும் 2013லேர்ந்து கிடையாது, முன்னாடி அது ரெண்டு வருஷமா இருந்துச்சு. வீட்டுக் காவல் மாதிரி குடுக்கிற கண்டிஷனல் சென்டென்ஸ் இந்த ஜெயில் கணக்குல வராதுன்னு 2017ல கனடா சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. அகதியா ஏத்துக்கிட்டு பி.ஆர். வாங்கினவங்களுக்கு கூடுதல் பாதுகாப்பு உண்டு, ஆனா அதுவும் முழுசா இல்ல. உங்க மச்சானுக்கு என்ன தண்டனை, எந்த வருஷம், ஜெயிலா கண்டிஷனலா, அகதி வழியா வந்தவரா ஸ்பான்சர்ல வந்தவரான்னு எழுதுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்.